மிகையும் அளவும்: காவிரி நாட்டுப் பாடல்களில் உயர்வு நவிற்சி



பொய் கலவாமல் கவிதை இல்லை என்னும் பேச்சு தமிழ்நாட்டில் பரவலாக வழங்குகிறது. கவிஞருள் ஒரு சாரார் அதனை உரிமைச் சீட்டாகக் கொண்டு, எவரை வேண்டுமாயினும் எவ்வளவு வேண்டுமாயினும் உயர்த்திப் பாடுகின்றனர். மற்றொரு சாரார் அதே பேச்சைக் குற்றச்சாட்டாகக் கொண்டு, உயர்வு நவிற்சி என்பது அரசவைக் காலத்து எச்சம், இக்காலக் கவிதைக்கு வேண்டாதது என ஒதுக்குகின்றனர். இரு சாராரும் ஒரு கருத்தில் உடன்படுகின்றனர். மிகையும் பொய்யும் ஒன்று என்பதே அக்கருத்து. அது சரிதானா என்பதைக் காவிரி நாட்டில் பிறந்த பாடல்களையும், அந்நாட்டின் கல்வெட்டுகளையும், அந்நாட்டு உழவர் கையாளும் அளவைகளையும் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் வகுத்த எல்லை

உவமை கூறுங்கால் உயர்ந்த பொருளையே உவமையாகக் கொள்ளவேண்டும் என்று தொல்காப்பியர் உவமவியலில் விதித்தார். ஒன்றை உள்ளபடியினும் சற்று மேலே ஏற்றிக் காட்டுவது கவிதையின் இயல்பு என்பதை அவ்விதி ஏற்றுக்கொள்கிறது. அணியிலக்கணம் தனியே வளர்ந்தபோது இவ்வியல்பு அதிசய அணி என்னும் பெயர் பெற்றது. பிற்காலத்தார் அதனை உயர்வு நவிற்சி என்றனர். பள்ளிப் பிள்ளைகள் இன்று பயில்வதும் இப்பெயரையே.

அதிசய அணிக்குத் தண்டியலங்காரம் தரும் இலக்கணம் ஊன்றி நோக்கத்தக்கது. வடமொழியில் காவியாதரிசம் இயற்றிய தண்டி, ஒன்றன் சிறப்பை உலக எல்லையைக் கடந்து நிற்குமாறு கூற விழைவதே அதிசயம் என வரையறுத்தார். அந்நூலைத் தழுவிச் சோழர் காலத்தில் தமிழ் செய்த ஆசிரியரோ, மனத்திற்கு உகந்த ஒரு பொருளின் அழகை உவந்து உரைக்கும்போது, அவ்வுரை உலக வரம்பைக் கடவாத நிலையில் நின்று, சான்றோர் வியக்கத் தோன்றவேண்டும் என்றார். மூலத்தில் கடத்தல் என இருந்தது தமிழில் கடவாமை என ஆயிற்று. காவியப் பண்புகள் பத்தனுள் ஒன்றாகிய காந்தத்திற்கும் உலக ஒழுங்கை மீறாமையே இலக்கணமாக அந்நூல் கூறும். மீறிய புகழுரை கௌட நெறியார்க்கு உவப்பாகலாம். வைதருப்ப நெறி அதனைக் கொள்ளாது.

இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. உலக வரம்பைக் கடவாத ஒன்று எவ்வாறு மிகையாகும்? மிகையாகிய ஒன்று எவ்வாறு வரம்புக்குள் நிற்கும்? நூற்பா இதற்கு விடை கூறவில்லை. விடையைக் காவிரிக் கழனியில்தான் தேடவேண்டும்.

ஆயிரம் கலம்

கரிகாற் பெருவளத்தானை முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை, காவிரி காக்கும் அவனது நாட்டைப் புகழ்ந்து முடிகிறது. ஒரு வேலி நிலத்தில் ஆயிரம் விளையும் நாடு என்பது அப்புகழுரை. ஆயிரம் என்பதை ஆயிரம் கலம் எனக் கொள்வது மரபு. மேற்போக்காகப் பார்ப்பவர் இதனை வழக்கமான புலவர் மிகை எனக் கருதிக் கடந்துவிடுவர். தஞ்சை உழவர் ஒருவரிடம் இக்கணக்கைக் கூறினால் அவர் அவ்வாறு கடக்கமாட்டார். விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்.

இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆகவே ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இரண்டு கலம் ஒரு மூட்டை. மூட்டை நெல்லின் எடை ஏறத்தாழ 60 கிலோ. இவ்வளவைகளின்படி ஆயிரம் கலம் என்பது 500 மூட்டை. ஏக்கருக்கு வகுத்தால் 75 மூட்டை. இன்று உயர்விளைச்சல் விதையும் உரமும் இட்டு ஏக்கருக்கு 40 மூட்டை கண்டால் டெல்டா உழவர் மனநிறைவு கொள்வர். கரிகாலன் காலத்துக் கலமும் இன்றைய கலமும் ஒன்றெனச் சாதிக்க வேண்டுவதில்லை. புலவர் கூறிய எண், உழவரின் நல்ல விளைச்சலைப் போல் இரு மடங்கினும் சற்றுக் குறைவாகவே நிற்கிறது என்பதே கருதத்தக்கது.

பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டதாயினும் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு ஒன்று இக்கணக்கிற்குத் துணைசெய்யும். முதலாம் இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை அக்கோயிலில் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு வகுத்தான். ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தினின்று ஆண்டுதோறும் வரும் நூறு கலம் நெல். நிலத்தினின்று கொள்ளும் வருவாய் மட்டும் நூறு கலமெனின், உழுதவர்க்கும் பிறர்க்கும் உரியது சேர்ந்த முழு விளைவு அதனினும் சில மடங்காதல் வேண்டும். ஆயிரம் என்பது அதற்கும் அப்பால். ஆயினும் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இல்லை.

முடத்தாமக்கண்ணியார் பத்தாயிரம் என்று கூறியிருக்கலாம். கோடி என்றும் கூறியிருக்கலாம். கேட்ட உழவன் சிரித்திருப்பான். ஆயிரம் என்றதும் அவன், 'ஒருகால் விளைந்தாலும் விளையும்' என நினைக்கிறான். ஒரு நல்ல ஆண்டில், ஆற்று நீர் தவறாமல் வந்து, பூச்சி விழாமல், அறுப்பின்போது மழை பெய்யாமல் இருந்தால் எவ்வளவு காணலாம் என்பது அவன் மனத்தில் எப்போதும் உள்ள கணக்கு. புலவர் அக்கணக்கைத் தொட்டு அதற்கு மேல் ஓரடி வைத்தார். உலக வரம்பு என்று தண்டியாசிரியர் குறித்தது இதுவே எனலாம். கேட்பவர் தம் அறிவால் அளந்து பார்த்து வியக்கக்கூடிய தொலைவே அவ்வரம்பு. மிகை அங்கேதான் நிற்கவேண்டும்.

யானை படுத்த இடம்

எல்லா மிகையும் இவ்வாறு கணக்கிற்கு இணங்குவதில்லை. ஆவூர் மூலங்கிழார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிய 40ஆம் புறப்பாட்டில், ஒரு பெண்யானை படுக்கும் சிறிய இடத்தில் விளைவது ஏழு ஆண்யானைகளைக் காக்கும் நாடு எனச் சோழநாடு புகழப்படுகிறது. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தீனி தின்னும். யானை படுக்கும் இடத்தில் விளையும் நெல் ஒரு யானையின் ஒருவேளை உணவுக்கும் போதாது. கணக்குப்படி இது நடவாத செயல்.

எனினும் இம்மிகை அந்தரத்தில் நிற்கவில்லை. நாடு வளமானது, மண் பொன்னானது என்பன போன்ற அளவற்ற சொற்களைப் புலவர் கையாளவில்லை. பிடி படுத்த இடத்தைக் கண்முன் அளந்து காட்டுகிறார். உண்பவற்றையும் ஏழு என எண்ணிக் காட்டுகிறார். கேட்பவர் மனத்தில் ஒரு சிறு நிலத்துண்டு தோன்றி, அதனைச் சுற்றி ஏழு களிறுகள் நிற்கின்றன. எண் பொய்யாயினும் காட்சி பிழையானதன்று; சிறு நிலத்தில் பெருவிளைவு என்னும் காவிரி மண்ணின் இயல்பையே அது பெருக்கிக் காட்டுகிறது.

இப்பாட்டின் துறை செவியறிவுறூஉ. புகழ்வோரும் இகழ்வோரும் உரிய நிலையை அடையவேண்டும், இன்சொல்லும் எளிதில் காணத்தக்க தன்மையும் உடையவன் ஆகவேண்டும் என வேந்தனுக்கு அறிவுரை கூறிய பின்னரே நாட்டுப் புகழ் வருகிறது. புகழுரை அறிவுரையைச் சுமந்து நிற்பது இங்குக் கருதத்தக்கது.

வான் வறண்டாலும் வரும் ஆறு

காவிரியைப் பற்றிய மிகைகளுள் தலையாயது, வானம் பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்னும் கருத்து. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையை இக்கருத்துடனேயே தொடங்குகிறார். வெள்ளிக்கோள் தெற்கே சென்றாலும் என்னும் கோள்நிலைக் குறிப்பும் உடன் வருகிறது. மழையின்றி ஆறு ஏது என்று வினவுவோர்க்கு இது வெளிப்படையான பொய்யாகத் தோன்றும்.

டெல்டாவின் பருவங்களை அறிந்தவர்க்கு அவ்வாறு தோன்றாது. இப்பகுதிக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. ஆனி, ஆடி மாதங்களில் தஞ்சையின் வானம் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். அதே நாட்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில், குடகின் தலைக்காவிரிப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். தலைக்கு மேல் ஒரு துளி விழாதிருக்க, காலடியில் செந்நீர் பெருகிவரும். அவ்வியப்பையே மக்கள் ஆடிப்பெருக்கு எனக் கொண்டாடினர். இவ்வூர் வானம் பொய்த்தபோதும் காவிரி வந்தது என்பது பூம்புகாரில் வாழ்ந்தவன் ஆண்டுதோறும் கண்ட உண்மை. மலையில் பிறந்து கடலில் சேரும் ஆறு என்பதையும் உருத்திரங்கண்ணனார் உடன் குறிக்கின்றார். உண்மையிலிருந்து அவர் எடுத்துவைத்த அடி ஒன்றே: ஆண்டுதோறும் நிகழ்வதை என்றும் நிகழ்வது ஆக்கினார்.

வெள்ளைக்குடி நாகனார் பெற்ற பரிசில்

இக்காவிரி மிகை மற்றொரு பாட்டிலும் இடம்பெறுகிறது. இவ்வுரையின் மையம் அப்பாட்டே. புறநானூற்றின் 35ஆம் பாட்டு, வெள்ளைக்குடி நாகனார் அதே கிள்ளிவளவனைப் பாடியது. மூவேந்தருள் அரசு எனப்படுவது நினதே என்று புலவர் தொடங்குகிறார். ஞாயிறு நான்கு திசையில் தோன்றினும், வெள்ளி தென்திசை செல்லினும், காவிரி பல கால்களாகப் பிரிந்து வந்து ஊட்டும் நாடு என உயர்த்துகிறார். இதுவரை கேட்ட வேந்தன் மகிழ்ந்திருப்பான்.

அதன்பின் பாட்டின் போக்கு மாறுகிறது. முறை வேண்டி வருவோர்க்குக் காட்சிக்கு எளியனாக இரு என்கிறார். வெண்கொற்றக்குடை வெயிலை மறைப்பதற்கு உரியதன்று, குடிகளுக்கு நிழல் தருவதற்கு உரியது என்கிறார். போரில் பெறும் வெற்றியும் உழுபடைச்சால் தந்த விளைவின் பயனே என்கிறார். இறுதியாக, மழை பொய்த்தாலும், விளைவு குன்றினாலும், இயற்கைக்கு மாறானவை நிகழ்ந்தாலும் உலகம் அரசரையே பழிக்கும். அதனை உணர்ந்து, கோள் சொல்வோரின் சொற்கொள்ளாது, ஏர் பூட்டும் குடிகளின் சுமையைக் காப்பாயாக என்று முடிக்கிறார்.

காவிரி எந்நாளும் தவறாது என்று மேலே கூறிய புலவரே, மழை பொய்க்கும், வாரி குன்றும் என்று கீழே கூறுகின்றார். இது முரண்பாடு ஆகாது. மேலே கூறியது மிகை என்பதைப் புலவர் அறிவார், வேந்தனும் அறிவான். நாடு இவ்வாறு இருக்கவேண்டும் என்னும் உயர்நிலையை முதலில் நிறுவி, நாடு இப்போது இவ்வாறு இருக்கிறது என்னும் உண்மையை அதன் அடியில் வைத்தார். இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே வேந்தன் செய்யவேண்டிய கடமையின் அளவாயிற்று. இப்பாட்டினால் விளைந்த பயனைப் பழைய அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. இதனைப் பாடி நாகனார், செலுத்தாது நின்ற பழைய நிலவரிக் கடனை நீக்கப்பெற்றார். யானையும் பொன்னும் பரிசிலாகப் பெற்ற புலவர் பலர். நிலத்தின் கடனைத் தள்ளுபடியாகப் பெற்ற இப்புலவரின் பரிசில் அவற்றினும் உயர்ந்தது. உயர்வு நவிற்சி இவ்வளவு செய்ய வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

புகழுரையும் கணக்கும்

பெரிய கோயிற் கல்வெட்டுகள் பலவும் மெய்க்கீர்த்தியில் தொடங்குகின்றன. திருமகளைப் போலவே நிலமகளும் தனக்கே உரிமையானாள் என இராசராசனின் பெருமை அங்குப் பேசப்படும். அடுத்து வரும் பகுதியோ முற்றிலும் வேறு நடையினது. கோயிலுக்கு அளித்த பொன், ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டு, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கடைசி எடைவரை குறிக்கப்பெறும். நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பெறும். புகழுரையில் அளவில்லை, கணக்கில் மிகையில்லை. ஒரே சுவரில் இரண்டும் அடுத்தடுத்து நின்றும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகவில்லை.

கேடு விளைவது அவை இடம் மாறும்போதுதான். தேரழுந்தூரில் பிறந்த கம்பர், கோசல நாட்டில் வறுமை இல்லாமையால் அங்குக் கொடைக்கே இடமில்லை என்று பாடினார். வளத்தை நேரே புகழாது, கொடை என்னும் அறமே வேலையற்றுப் போயிற்று என்று காட்டிய அம்மிகை, தமிழின் உயர்வு நவிற்சிகளுள் முன்வரிசையில் வைக்கத்தக்கது. காவிரிக் கரையின் கழனிகளைக் கண்ட கண்ணால் அவர் சரயு நாட்டைக் கண்டார் எனத் திறனாய்வாளர் கூறுவர். ஆயினும் அதனைத் தம் சோழநாட்டின் நிலையாகக் கம்பர் கூறவில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. காண விழைந்த ஒரு நாட்டின் மேல் வைத்துக் கூறினார். கேட்பவர் அதனைக் கனவாகவே கொண்டனர்.

அக்கனவைச் செய்தியாகக் கொண்டு, சோழநாடு சோறுடைத்து, தஞ்சை நெற்களஞ்சியம், இங்குப் பசியில்லை என மேடைதோறும் முழங்கிய காலமும் இருந்தது. அக்காலத்திலேயே அந்நெல்லை நட்டு, அறுத்து, போரடித்தவர்கள் கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டுப் போராடினர். அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீயில் மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. புகழ்மொழிகள் அத்தீயை மூட்டவில்லை. ஆனால் களஞ்சியம் என்னும் சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, மரக்காலின் அடியில் நின்றவர்களின் குரல் எட்டவில்லை. மிகை ஒன்றை மறைக்கத் தொடங்கினால் அது அணி என்னும் பெயருக்கு உரியதாகாது.

இன்றைய காவிரியும் இன்றைய கவிஞரும்

உருத்திரங்கண்ணனார் பாடிய உலக வரம்பு இன்று இடம்பெயர்ந்துள்ளது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின், காவிரி வருவதும் வராததும் மலை மழையை மட்டும் சார்ந்ததாக இல்லை. குறுவைக்கு அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணையைத் திறக்க இயலவில்லை. 2020இல்தான் அது மீண்டும் இயன்றது. தமிழ்நாட்டிற்கு ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. என 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வானம் பொய்த்தாலும் வந்த ஆறு, வானம் பொய்க்காத ஆண்டிலும் எண்ணி அளந்தே வரும் ஆறு ஆயிற்று.

இந்நிலையில் கவியரங்குகளில் இன்னும் காவிரி கரைபுரண்டே ஓடுகிறது. கரைபுரண்டு ஓடிய நாளில் அச்சொல் மிகையாக இருந்தது; இன்று அது வெறும் பழக்கம். மிகைக்கு அடியில் ஓர் உண்மை வேண்டும். அவ்வுண்மை வற்றியபின் மேலே நிற்பது சொல்லின் ஓடு மட்டுமே. கவிஞர் எழுதவேண்டிய மிகை வற்றிய ஆற்றிலும் உண்டு. மணலையும், காத்திருக்கும் நாற்றங்காலையும், பருவம் தவறிய விதையையும் உள்ளபடி அறிந்தவர்க்கே அது கைகூடும்.

மேற்கண்ட சான்றுகளிலிருந்து கவிஞர்க்குப் பயன்படத்தக்க மூன்று வினாக்களைத் தொகுத்துக் கூறலாம். உயர்த்திப் பாடும் பொருளின் உண்மை அளவு பாடுபவர்க்குத் தெரியுமா? முடத்தாமக்கண்ணியார்க்கு வேலியும் விளைவும் தெரிந்திருந்தன. கேட்பவர் அதனை மிகையென்று அறிந்தே வியப்பாரா, அன்றிச் செய்தியென்று ஏமாறுவாரா? மெய்க்கீர்த்திக்கும் மரக்கால் கணக்கிற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அம்மிகையினால் யாருக்கு நன்மை? பாடப்பட்டவர்க்கு மட்டுமா, பாட்டில் பெயர் வராத உழவர்க்குமா? வெள்ளைக்குடி நாகனாரின் பாட்டு இவ்வினாவிற்கு விடையாக நிற்கிறது.

இம்மூன்றிற்கும் தக்க விடை கூறவல்ல மிகையை எக்காலத்துக் கவிஞரும் அஞ்சாது பாடலாம். விடை கூற இயலாதபோது, தன்மை நவிற்சியாக உள்ளதை உள்ளபடி எழுதுவதே நன்று, அதுவும் அணியே. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் அரங்கேறும் காவிரிப் பாடல்களுள் ஒன்றேனும், ஒரு வேலிக்குரிய பழங்கடனைத் தீர்க்கும் வலிமை பெறுமாக.